நாச்சிமுத்து வீட்டுக்கு எழுதிய கார்டு

சென்ற வாரம் கல்லூரியின் பழைய மாணவர் சங்கத்திலிருந்து தடித்த உறை ஒன்று வந்தது. உள்ளே ஒரு பெயர்ப் பட்டியல். என் காலத்தில் படித்தவர்களில் யார் யார் இருக்கிறார்கள், யார் யார் இல்லை என்று குறித்து அனுப்ப வேண்டுமாம். இல்லாதவர்களைப் பற்றிப் பத்து வரிக்கு மிகாமல் வாழ்க்கைக் குறிப்பும் எழுத வேண்டுமாம். 'தங்களைப் போன்ற மூத்தவர்களால்தான் இது முடியும்' என்று செயலாளர் அடியில் கைப்பட எழுதியிருந்தார். படித்ததும் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அப்புறம் யோசித்துப் பார்த்தேன். கேட்பதற்கு வேறு யாரும் மிச்சமில்லை என்பதைத்தான் அந்தப் பிள்ளை மரியாதையாக எழுதியிருக்கிறது.

பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பெருக்கல் குறி போட்டுக்கொண்டே வந்தேன். இவன் போய்விட்டான், இவனும் போய்விட்டான், இவன் போன செய்தியைப் பேப்பரில் பார்த்தேன். இப்படியே பக்கம் முடிந்தது. எங்கள் வகுப்பில் உயிரோடு மிஞ்சியவன் நான் மட்டும்தான். கணக்கில் ஒருநாளும் முதலாவதாக வந்தவனில்லை நான். இதில் வந்துவிட்டேன்.

அந்த நேரம் பார்த்துக் கீழ்வீட்டில் வெண்ணெய் உருக்கினார்கள். நான் சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு மாடிப் போர்ஷனில் இருக்கிறேன். மனைவி போய் ஒன்பது வருஷம் ஆகிறது. மகன் பம்பாயில் இருக்கிறான். பகல் முழுக்க இங்கே நானும் மின்விசிறியும்தான். அதுவும் சில நாள் பேசுவதில்லை. கீழ்வீட்டு அம்மாள் நெய் இறக்குகிற பதத்தில் ஒரு பிடி முருங்கைக்கீரையைப் போடுவாள் போலிருக்கிறது. அது படபடவென்று பொரிந்து, ஒரு வாசனை மாடிப்படி ஏறி வந்தது. பட்டியலில் நான் குறி போடாமல் தாண்டி வந்திருந்த ஒரு பெயருக்கு என் கண் தானாகப் போயிற்று. நாச்சிமுத்து.

அவன் போனது எனக்குத் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். பட்டியலில் முதலில் போனவர்களில் அவன் ஒருவன். அவனுக்குப் பத்து வரி எழுத உட்கார்ந்தால் எனக்குக் கை ஓடுவதில்லை. அன்றும் ஓடவில்லை, இன்றும் ஓடவில்லை. ஏன் என்று உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் கடைசி. செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெல்ல மண்டிக்கு மேலே எங்கள் அறை. நான் ஆத்தூர்ப் பக்கத்துக்காரன், அவன் ராசிபுரத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவிலுள்ள ஒரு கிராமத்துக்காரன். இரண்டு பேரும் இண்டர்மீடியட். கீழே வெல்லம் இருந்ததால் மேலே எறும்பு இருந்தது. புத்தகத்தைப் பிரித்தால் எறும்பு, சட்டையை உதறினால் எறும்பு. மூன்றாவதாக சவரிமுத்து. அவனுக்கு வீடு அரிசிபாளையத்தில், சொந்த வீடு. ஆனாலும் சாயங்காலம் ஆனால் எங்கள் அறைக்கு வந்துவிடுவான். எங்கள் மேல் பிரியம் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். நாச்சிமுத்துவின் நெய் டப்பா மேல் பிரியம்.

நாச்சிமுத்துவின் அப்பா மாதம் ஒருமுறை சந்தைக்கு வரும்போது அந்த டப்பாவைக் கொண்டுவந்து கொடுப்பார். அடியில் கருகிய முருங்கைக்கீரை படிந்திருக்கும். டப்பா காலியாகும் நாளில் சுடுசோற்றை அதற்குள்ளேயே போட்டுப் பிசைந்து ஆளுக்கு ஒரு உருண்டை. அந்தக் கசண்டுக்கு மூன்று இண்டர்மீடியட் மாணவர்கள் போட்ட சண்டையைப் பேராசிரியர்கள் பார்த்திருந்தால் எங்களை எஸ்.எஸ்.எல்.சி.க்கே திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

நாச்சிமுத்து ஒரு பேச்சுக்காரன். பேசாமல் இருக்கச் சொன்னால் காய்ச்சல் வந்துவிடும். எல்லாருக்கும் 'ங்க' போட்டுப் பேசுவான். மண்டிக்காரருக்கு, எனக்கு, மண்டி வாசலில் படுத்திருக்கிற நாய்க்குக்கூட. "ஏனுங்க, கொஞ்சம் ஒதுங்கிப் படுக்கறீங்களா?" என்று அவன் கேட்டால் அது நிஜமாகவே எழுந்து ஒதுங்கும். யாரைப் பார்த்தாலும் அப்படியே நடித்துக் காட்டிவிடுவான். ரசாயனப் பேராசிரியர் தும்மலை அடக்கிக்கொண்டு பாடம் நடத்துவதைச் செய்தால் சவரிமுத்து தரையில் புரண்டு சிரிப்பான்.

அவன் நடித்ததிலேயே சிறந்தது அவர்கள் ஊர்த் தபால்காரர். வாரத்துக்கு இரண்டு நாள்தான் அந்த ஊருக்குத் தபால். ஊரில் பெரும்பாலோருக்கு எழுத்துத் தெரியாது. ஆகவே கார்டு வந்தால் தபால்காரரே வேப்பமரத்தடியில் நின்று உரக்கப் படிப்பார். யாருக்கு வந்த கார்டானாலும் ஊரே கூடிக் கேட்கும். அவர் சும்மா படிக்கமாட்டார். நடுநடுவே தம் அபிப்பிராயத்தையும் சேர்த்துக்கொள்வார். "'மாடு கன்னு போட்டுது'ன்னு எழுதியிருக்குதுங்க. கெடாரியா காளையான்னு எழுதலீங்க. என்ன மனுசன் இவன்!" நாச்சிமுத்து இதைக் குரல் மாற்றிச் சொல்லும்போது, அந்த வேப்பமரத்தடியில் நானே நிற்கிற மாதிரி இருக்கும். நான் செய்த காரியத்துக்கு அந்த நடிப்புதான் காரணம் என்று பழியைத் தூக்கி அவன் மேலேயே போட்டுப் பார்த்ததுண்டு. நிற்கவில்லை.

பரீட்சை முடிந்து அவன் ஊருக்குப் போனான். நான் ஒரு வேலைக்காகச் சேலத்திலேயே தங்கிவிட்டேன். முடிவுகள் அப்போதெல்லாம் பேப்பரில் வெறும் எண்களாக வரும். "எம் நெம்பரையும் பாத்து ஒரு கார்டு போட்டுடுங்க. அய்யன் தெனமும் கேட்டுக்கிட்டிருப்பாரு" என்று பஸ் ஏறும்போது சொல்லிவிட்டுப் போனான். அய்யன் என்றால் அவன் அப்பா.

முடிவு வந்த அன்று நானும் சவரிமுத்துவும் வாசகசாலைக்குப் போனோம். என் எண் இருந்தது. சவரிமுத்து எண் இருந்தது. நாச்சிமுத்துவின் எண் இல்லை. மேலிருந்து கீழே பார்த்தோம், கீழிருந்து மேலே பார்த்தோம். எண்கள் இரக்கப்பட்டு இடம் மாறுவதில்லை.

தபாலாபீஸில் கார்டை வாங்கி வைத்துக்கொண்டு நின்றேன். 'பெயில்' என்று எழுதினால் அது வேப்பமரத்தடியில் படிக்கப்படும். தபால்காரரின் அபிப்பிராயத்தோடு படிக்கப்படும். அவனுடைய அப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டு நிற்பார். என்னால் எழுத முடியவில்லை.

"கவர்ல எழுதிடேன்" என்றான் சவரிமுத்து.

"கார்டு வராட்டி அவங்கப்பா பயந்துடுவார்டா. கார்டுல பாஸுன்னு போட்டுடறேன். உண்மைய நாளைக்கு அவன் பேருக்குக் கவர்ல எழுதறேன். அவனே பக்குவமா அப்பாகிட்ட சொல்லிக்குவான்."

"வேணாண்டா" என்றான்.

எழுதினேன். 'நாச்சிமுத்து பாஸ்' என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். மறுநாள் கவரும் போட்டேன். எவ்வளவு சாமர்த்தியமான ஆள் நான் என்று எனக்கே ஒரு திருப்தி இருந்தது.

வாரத்துக்கு இரண்டு நாள்தான் தபால் என்பதை அந்தச் சாமர்த்தியசாலி மறந்துவிட்டான். கார்டு ஒரு முறையில் போயிற்று. கவர் அடுத்த முறைக்குத்தான் போயிற்று. நடுவில் நாலு நாள். அந்த நாலு நாளில் அவர்கள் குலசாமிக்குக் கிடா வெட்டிவிட்டார்கள். உறவுக்காரர்களெல்லாம் வந்து சாப்பிட்டார்கள். வந்தவர்களில் அவனுடைய மாமன் ஒருவர், காலேஜில் பாஸ் பண்ணிய பையனுக்குத் தன் மகளைக் கொடுப்பதாகப் பந்தியிலேயே வாக்குக் கொடுத்து வெற்றிலை மாற்றிக்கொண்டார். அதற்குப் பிறகு என் கவர் அவன் கைக்குக் கிடைத்தது.

அவனிடமிருந்து ஒரே ஒரு பதில் வந்தது. 'கவர் கிடைத்தது. இங்கே எல்லாரும் சந்தோஷமாக இருக்கிறார்கள்.' அவ்வளவுதான். செப்டம்பரில் திரும்ப எழுதியிருந்தால் தேறியிருப்பான். ஒரு பாடத்தில்தான் போயிருந்தது. பாஸ் பண்ணியவன் எதற்கு மறுபடி பரீட்சைக்குப் போகிறான் என்று ஊர் கேட்குமே. அவன் சேலத்துக்கு வரவே இல்லை. கல்யாணப் பத்திரிகை வந்தது. நான் போகவில்லை. வயிற்றுவலி என்று சவரிமுத்துவிடம் சொன்னேன். சவரிமுத்து மட்டும் போனான். வந்ததும், "மாப்பிள்ள வாயே தொறக்கலடா" என்றான்.

அப்புறம் பதினைந்து வருஷம் போயிற்று. எனக்குச் சேலத்திலேயே ஓர் ஆபீஸில் குமாஸ்தா வேலை. கையெழுத்து நன்றாக இருந்த ஒரே தகுதியால் கல்லூரி ஆண்டு மலரில் 'மறைந்த பழைய மாணவர்கள்' பக்கத்தை எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. 'அமைதியானவர், அன்பானவர், கடமை தவறாதவர்.' இந்த மூன்றையும் வரிசை மாற்றி மாற்றிப் போட்டு எத்தனையோ பேரைக் கரை சேர்த்திருக்கிறேன். கடன் கேட்டு வருபவர்கள் மேல் நாயை ஏவிவிடுகிற ஒரு மனிதரையும் அன்பானவர் என்று எழுதினேன். அதைப் படித்துவிட்டு என் மனைவி சிரித்த சிரிப்பு பக்கத்து வீட்டுக்குக் கேட்டது.

யுத்தம் நடந்துகொண்டிருந்தபோது ஒருநாள் சவரிமுத்து ஆபீஸ் வாசலுக்கு வந்து நின்றான். நாச்சிமுத்து போய்விட்டான் என்றான். நாலு மாதம் ஆகிறதாம். மூன்று நாள் காய்ச்சலாம். "நீதான் எழுதணும். அதுக்கு முன்ன ஒரு எட்டு அந்த ஊருக்குப் போயிட்டு வா" என்றான். என்னை நேராகப் பார்க்காமல் சொன்னான்.

போனேன். அப்போது பெட்ரோல் கிடைக்காமல் பஸ்களுக்குப் பின்னால் கரி அடுப்பு மாட்டி ஓட்டினார்கள். மேடு வந்தால் ஆண்களெல்லாம் இறங்கித் தள்ள வேண்டும். ராசிபுரம் போய்ச் சேர்வதற்குள் மூக்குத் துவாரம் வரைக்கும் கரி. அதற்கப்புறம் இறங்கி இரண்டு மைல் நடை. சோளக்காட்டு நடுவில் வீடு. வாசலில் கட்டிலில் அவனுடைய அப்பா உட்கார்ந்திருந்தார். பார்வை மங்கிவிட்டது. யார் என்று சொன்னதும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்கதானுங்களே கார்டு போட்டது! அந்தக் கார்ட இன்னும் வெச்சிருக்கறமுங்க. எம் பையன் பாஸு பண்ணுனவன் சாமி. என்னையப் பாத்துக்கோணும்னுதான் உத்தியோகத்துக்குப் போகாம ஊட்டோட இருந்துட்டான்" என்று அழுதார். நான் கையை விடுவித்துக்கொள்ளத் தெரியாமல் நின்றேன்.

நாச்சிமுத்துவின் மனைவி பெயர் பாவாயி. வெள்ளைச் சேலையில் வந்து கதவோரம் உட்கார்ந்தாள். பக்கத்தில் எட்டு வயதுப் பெண் குழந்தை. நான் நோட்டை விரித்து, அவன் என்னென்ன செய்தான், ஊரில் எப்படி இருந்தான் என்று கேட்டேன். பதிலுக்கு அவள் என்னைக் கேட்டாள்.

"ஏனுங்கண்ணா, காலேசுல அவரு பேசுவாருங்களா?"

என்ன கேள்வி இது என்று எனக்குச் சிரிப்பு வந்தது. "பேச்சா! அவன் வாயை மூடினால்தான் அதிசயம்" என்று ஆரம்பித்தேன். நாயிடம் அவன் மரியாதையாகப் பேசியதைச் சொன்னேன். தும்மல் பேராசிரியரைச் சொன்னேன். சொன்னால் போதாது என்று எழுந்து நின்று நடித்தே காட்டினேன். எனக்கு நடிப்பு வராது. வராத நடிப்பில் இன்னும் கூடுதலாகச் சிரிப்பு வந்தது. குழந்தை, "அய்யன் இப்பிடியெல்லாம் பேசுமா?" என்று கைகொட்டிச் சிரித்தது. பாவாயி முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தாள். கட்டிலில் கிழவரும் சிரித்தார். பதினைந்து வருஷத்துக்குப் பிறகு நாச்சிமுத்து அந்த வாசலில் வந்து பேசிவிட்டுப் போன மாதிரி இருந்தது.

சிரித்து ஓய்ந்ததும் அவள் முகம் மாறிவிட்டது.

"எங்கிட்ட அவரு பேசுனதே இல்லீங்கண்ணா. அடிச்சதில்ல, ஒரு வார்த்த வெஞ்சதில்ல. சோறு போடுன்னா சோறு, தண்ணி குடுன்னா தண்ணி. அவ்வளவுதானுங்க. கெணத்து மேட்டுல போயித் தனியா குக்கி உக்காந்துக்குவாரு. நாம எழுத்துப் படிக்காதவ, பாஸு பண்ணுன மனுசன் நம்மகிட்ட என்னத்தப் பேசுவாருன்னு இருந்துட்டேன். பொறப்புலயே பேசாத மனுசனாக்கும்னும் நெனச்சுக்குவேன், அப்பிடி நெனச்சாத்தானுங்க மனசு ஆறும்." குழந்தையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "இப்ப நீங்க சொல்லித்தான் தெரியுது. அப்பொ, என்னயக் கட்டுனதாலதான் அவரு பேச்சு நின்னு போச்சுங்களா?"

பதில் எனக்குத் தெரியும். உலகத்தில் எனக்கும் சவரிமுத்துவுக்கும் மட்டும்தான் தெரியும். இந்தப் பெண்ணை ஒரு பொய்யைக் காட்டி வாங்கியதாக அவன் நினைத்திருக்கிறான். வாயைத் திறந்தால் எங்கே வந்துவிடுமோ என்று பதினைந்து வருஷம் மூடியே வைத்திருந்திருக்கிறான். அந்தப் பொய் என்னுடையது. அதைச் சொல்லவேண்டும் என்றால் மூன்றடி தள்ளிக் கட்டிலில் உட்கார்ந்திருக்கும் கிழவரின் காதிலும் விழும். அவருக்கு மிச்சமிருப்பது அந்தக் கார்டு ஒன்றுதான்.

கிழவர் மேல் எனக்கு அவ்வளவு கரிசனம் என்று நம்பிவிடாதீர்கள். எனக்குப் பயம். அதுதான் நிஜம்.

"அப்படி இல்ல தங்கச்சி. அதுக்கு வேற காரணம் இருக்கு" என்றேன்.

"என்னங்க காரணம்?"

"இன்னொரு நாள் சொல்றேன். பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று நோட்டை மூடி எழுந்தேன். எழுந்த வேகத்தில், "அப்போ போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டேன்.

குழந்தை நிமிர்ந்து பார்த்தது. கிழவர் இருமினார். உங்களுக்குத் தெரியாததில்லை. துக்கம் கேட்கப் போன வீட்டில் அந்த வார்த்தையைச் சொல்லவே கூடாது. மறுபடி இதே போல வருகிறேன் என்றல்லவா ஆகிவிடும். பேசாமல் எழுந்து, திரும்பிப் பார்க்காமல் நடந்துவிட வேண்டும். நான் சிரித்துப் பேசிக்கொண்டிருந்ததில் அது சாவு விழுந்த வீடு என்பதையே மறந்திருக்கிறேன்.

பாவாயி எழுந்து நின்றாள். கோபப்படவில்லை.

"நாலு மாசமா எத்தனையோ சனம் வந்துச்சுங்க. ஒருத்தரும் வாரேன்னு சொல்லல, சொல்லக் கூடாதில்லீங்களா. நீங்க ஒருத்தருதான் சொல்லியிருக்கறீங்க. வாங்கண்ணா. வந்து சொல்லுங்க."

ஆண்டு மலரில் அவனைப் பற்றி ஐந்து வரி எழுதினேன். 'அமைதியானவர்' என்றே எழுதினேன். எழுதிவிட்டு அந்தப் பக்கப் பொறுப்பை வேறொருவரிடம் கொடுத்துவிட்டேன். அந்த ஊருக்கு நான் போகவில்லை. முதலில் ரேஷன், பஸ் இல்லை. அப்புறம் மகனுக்கு அம்மை. அப்புறம் தர்மபுரிக்கு மாற்றல். காரணங்களுக்கு எனக்கு எப்போதும் பஞ்சமிருந்ததில்லை. சவரிமுத்து பார்க்கும்போதெல்லாம் "போனியா?" என்று கேட்பான். பிறகு கேட்பதை விட்டுவிட்டான். அவன் கேட்காமல் இருந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

சுதந்திரம் வந்து கொஞ்ச காலம் கழித்து, ஒருவழியாகப் புறப்பட்டேன். பஸ் பெட்ரோலில் ஓடியது. தள்ள வேண்டியிருக்கவில்லை. வழியெல்லாம் சொல்ல வேண்டிய வார்த்தைகளை மனத்துக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். வாசலில் கட்டில் இல்லை. கிழவர் அதற்கு முன்பே போய்விட்டாராம். நாச்சிமுத்துவின் தம்பி மனைவி மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். பாவாயியைப் பார்க்க வந்தேன் என்றதும் வாளியைக் கீழே வைத்தாள்.

"அக்கா போன ஐப்பசியில தவறிட்டாங்களே. நீங்க ஆருங்க?"

சேலத்திலிருந்து வருகிறேன் என்றேன்.

"அந்தச் சேலத்து அண்ணனுங்களா?" என்றாள். "ரோட்டுல பஸ்ஸுச் சத்தம் கேட்டா அக்கா எட்டிப் பாப்பாங்க. சேலத்து அண்ணன் ஒரு சேதி சொல்லோணும்னாரு, வாரேன்னு சொல்லிட்டுப் போயிருக்காருன்னு சொல்லுவாங்க. சாவூட்டுல சொன்ன வார்த்தைய நம்பாதீங்கக்கான்னு நாங்கூடச் சொல்லுவேனுங்க." ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "என்ன சேதிங்க அது? எங்கிட்டச் சொல்லலாமுங்களா?"

"ஒண்ணுமில்லம்மா" என்றேன்.

இப்போது அந்தப் பக்கமெல்லாம் கோழிப் பண்ணைகள். சோளக்காடு இருந்த இடம் எது என்று என்னால் அடையாளம் சொல்ல முடியாது. வேப்பமரத்தடியில் நின்று யாரும் யாருக்கும் கார்டு படிப்பதில்லை. செவ்வாய்ப்பேட்டையில் எங்கள் அறை இருந்த கட்டடத்தை இடித்துவிட்டார்கள். சவரிமுத்துவை அவர்கள் கோயில் கல்லறையில் அடக்கம் செய்தபோது நானும் ஒரு பிடி மண் போட்டேன். அவன் இருந்தவரைக்கும், நான் செய்ததைத் தெரிந்த ஒருவன் எனக்குச் சிநேகிதனாகவும் இருந்தான். அவனுக்குப் பிறகு அப்படி யாரும் இல்லை. என்னை நல்லவன் என்று சொல்கிறவர்கள்தான் சுற்றிலும் இருக்கிறார்கள்.

அந்தப் பெண் பிள்ளை எங்கே வாழ்க்கைப்பட்டாளோ தெரியாது. தன் தாயைப் பிடிக்காமல்தான் அய்யன் பேசாமல் இருந்தார் என்று நினைத்தபடி அவளும் கிழவியாகியிருப்பாள்.

அன்று பாவாயி கேட்டதற்கு நான் சொல்லியிருக்க வேண்டியது நாலே வார்த்தை. கிழவர் காதில் விழாமல் மெல்லச் சொல்லியிருக்கலாம். அவளுக்கு அது போதும், வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை. இந்த மாடியில் யாரும் இல்லாத பகல்களில் இப்போது அதை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கிறேன்.

"உன்னால இல்ல தங்கச்சி. என்னாலதான்."